பெய்தாலும் பெய்யும்

தமிழில் ஐயவும்மை என்று ஒன்று இருக்கிறது. பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்த நான் எப்போதும் மழையைத்தான் துணைக்கு எடுப்பேன். "மழை பெய்யும்" என்றால் பெய்யும். "பெய்யாது" என்றால் பெய்யாது. "பெய்தாலும் பெய்யும்" என்றால் சொல்கிறவருக்கே நிச்சயமில்லை, கேட்கிறவர் குடையை எடுத்துக்கொள்வது நல்லது. அந்த "உம்"முக்குக் கீழே வெண்கட்டியால் இரண்டு கோடு இழுத்து, "சந்தேகத்தைச் சுமக்கிறது இதுதான், இதை விழுங்கிப்போடாதீங்க" என்று சொல்வேன். இருபது வருடத்துக்கு மேலாக இதைச் சொல்லி வருகிறேன்.

ஊரில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். கலியாணக் கார்ட் அச்சுக்குப் போகமுன் என்னிடம்தான் வரும். மாப்பிள்ளையின் பெயரைப் படிக்க முன்பே ஒற்றுப் பிழையைப் பிடித்துவிடுவேன். ஒரு கடைப் பலகையில் "குளிர்பாணம்" என்று கண்டு, ஸ்கூட்டியை நிறுத்தி, "தம்பி, பாணம் எண்டா அம்பு. இங்க அம்பா விக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறேன். அந்தப் பையன் பாவம், அடுத்த கிழமையே பலகையை மாற்றிவிட்டான். ஒரு சொல்லைச் சரியாகச் சொல்வதில் இவ்வளவு பெருமை வைத்திருந்தவள் நான். இதை எழுதும்போது கை கூசுவது அதனால்தான்.

மகளுக்குத் தையில் கலியாணம் என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை வந்து குடியிருப்பது அந்த வீட்டில்தான். என் கணவர் தவறி ஆறு வருடமாகியிருந்தது. வீடு கட்ட வளவு இருந்தது, அத்திவாரமும் போட்டாயிற்று, சுவர் எழுப்பக் கல் வேண்டும். சீமெந்துக் கல் என்றால் ஒரு லொறி வந்து ஒரே நாளில் இறக்கிவிட்டுப் போயிருக்கும். எனக்குத்தான் மனம் வரவில்லை. சீமெந்துக் கல்லில் கட்டினால் கச்சான் காற்று வீசுகிற வெயில் காலத்தில் வீடு போறணை மாதிரிக் கொதிக்கும் என்று எல்லாருக்கும் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் அது இல்லை. சம்பந்தி வீடு செங்கல் வீடு. அந்த அம்மா வந்து என் மகளின் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருப்பா என்ற பயம்தான்.

செங்கல் வேண்டுமென்றால் படுவான்கரைக்குப் போகவேண்டும். வாவிக்குக் கிழக்கே கடற்கரையோடு கிடக்கிற எங்கள் பக்கம் எழுவான்கரை. சூரியன் படுகிற மேற்குப் பக்கம் படுவான்கரை. வயலும் நல்ல மண்ணும் அங்கேதான். பாலம் தாண்டி, ஸ்கூட்டியில் இருபது நிமிடம் போனால் ஒரு கல்வாடி இருந்தது. வேலைக்குப் புருஷனும் பெண்சாதியும் இரண்டே பேர், கூட ஒரு சின்னப் பிள்ளை. அவன் குழி வெட்டி மண் குழைப்பான். அவள் குந்தியிருந்து அச்சில் அடித்துக் கல் அறுப்பாள். வாகரைப் பிள்ளை அவள், கலியாணம் முடித்து இங்கே வந்தவள். முப்பது வயது தாண்டியிருக்கும். அதிகம் பேசமாட்டாள். பேசினால் அதில் ஒரு சொல் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. வீட்டுக்கு வெளியே பேசவேண்டியதெல்லாம் அவள்தான் பேசுவாள் என்று அவன் பெருமையாகச் சொல்வான். "நான் போனா நாலு விசயத்தில ரெண்ட மறந்திற்று வருவன் டீச்சர். இவள் போனா ஆள் சொன்னதை அப்பிடியே கொண்டு வருவாள்."

புரட்டாசி பிறந்தால் கல்வாடிக்காரருக்கு நெஞ்சு இடிக்கத் தொடங்கும். காலையில் வெயில் அடிக்கும், பின்னேரத்தில் இடி முழங்கும். அறுத்த கல்லைச் சூளையில் ஏற்றிச் சுடும்வரை அது கல் இல்லை, மண்தான். பச்சைக்கல் என்போம். ஒரு நல்ல மழை பட்டால் குழிக்குள் கிடந்த கோலத்துக்கே திரும்பிவிடும். அந்த வருடம் அவர்கள் ஆவணியோடு வாடியை மூடத்தான் இருந்தார்கள். நான் போய்க் கெஞ்சினேன். இன்னும் ஒரு சூளை, மகளுடைய வீட்டுக்கு என்று சொன்னேன். "மாரி வந்தா நீங்க சும்மாதானே இரிக்கப்போறீங்க" என்றும் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மழை மாதங்களில் கல்வாடிக்காரருக்கு வேலை கிடையாது. கடைசியாகச் சுடுகிற சூளையை வைத்துத்தான் அடுப்பு எரியவேண்டும். சம்மதித்தார்கள்.

சனிக்கிழமை காலையில் கல் எவ்வளவில் நிற்கிறது என்று பார்க்கப் போனேன். களம் முழுக்கக் கல். ஒரு பக்கம் அன்று விடிய அறுத்தது, கை வைத்தால் விரல் பதியும். நடுவில் இரண்டு நாள் காய்ந்தது. மற்றப் பக்கம், விளிம்பில் நிமிர்த்தி வைத்த வரிசைகள். இன்னும் மூன்று நாள் வெயில் கிடைத்தால் சூளைக்கு ஏற்றலாம். பார்க்க எனக்கு மனம் நிறைந்தது. அதற்குள் என் மகளின் வீட்டுச் சுவர் தெரிந்தது.

அவள் என்னைக் கண்டதும் அச்சைக் கீழே வைத்துவிட்டு எழும்பி வந்தாள். புருஷன் தூரத்தில், மண் குழிக்குள் நின்றான்.

"டீச்சர், நாளைக்கு அம்மாட முப்பத்தொண்டு" என்றாள். தாய் செத்து முப்பத்தோராம் நாள் கிரியை, வாகரையில். "வெள்ளண பஸ்ஸில போனாத்தான் போய்ச் சேரலாம். நான்தான் மூத்த பிள்ள. இவர் சொல்றார், நெருப்புக்குச்சி ரெண்டு நாளா நமுத்துக் கிடக்கு, கச்சானும் விழுந்து போச்சு, மழ இரிக்கு எண்டு. மழ எண்டா இவர் நிண்டு, கல்லெல்லாத்தையும் எடுத்து அடுக்கி மூடணும். மருமகன் வராட்டி அங்க ஒரு கத வரும் டீச்சர். ஒங்கட போனப் பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா இவர் மறுத்துப் பேசமாட்டார்."

மகள் என் போனில் மழை பார்க்கிற ஒன்றைப் போட்டுத் தந்திருந்தாள். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மேகப் படம், அதற்குக் கீழே ஓர் இலக்கம். ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பது வீதம் என்று காட்டியது.

நான் அந்த நாற்பதை எப்படிப் பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பரீட்சைப் புள்ளியாகப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க விடைத்தாள் திருத்தியவளுக்கு வேறு எப்படித் தெரியும்? நாற்பது புள்ளி எடுக்கிற பிள்ளையை எனக்கு நன்றாகத் தெரியும். கடைசி வாங்கில் இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் எழும்பும், எழும்பினாலும் வாயிலிருந்து ஒன்றும் வராது. அப்படிப்பட்ட ஒரு மழைதான் இது என்று நினைத்தேன். பிறகு எங்கள் பாடசாலைக் கணித ஆசிரியர் சொல்லித்தான் விளங்கியது, இப்படி நாற்பது காட்டுகிற பத்து நாளை எடுத்தால் அதில் நாலு நாள் மழை பெய்திருக்கும் என்று. பத்துக்கு நாலு. ஒருவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகலாம் என்று சொல்லிவிடக்கூடிய இலக்கம் இல்லை அது.

ஆனால் எல்லாப் பழியையும் கணக்குத் தெரியாததில் போட்டுவிட்டு நான் தப்ப முடியாது. அரைகுறையாகக் காய்ந்த கல்லைக் கையால் தூக்கி அடுக்கினால் மூலை உடையும், விரல் அடையாளம் விழும், மூடி வைத்தால் காயவும் காயாது. சூளை ஒரு கிழமை பிந்தும். மேசன் வேறு வேலைக்குப் போய்விடுவார். இவ்வளவும் அவள் கேட்டு முடிப்பதற்குள் என் மண்டைக்குள் ஓடிவிட்டது. அந்தக் கற்கள் நிலத்திலேயே கிடந்து காயவேண்டும், எனக்கு வேண்டியது அதுதான்.

"பெய்யாது" என்றேன்.

"பெய்யாதா டீச்சர்?" அவள் மறுகா ஒருக்கால் கேட்டாள். சும்மா கேட்கவில்லை. கொண்டுபோய்ச் சொல்லவேண்டிய சொல் என்று சரிபார்த்துக் கேட்டாள்.

"பெய்யாது எண்டா பெய்யாதுதான் புள்ள. ரெண்டு பேரும் போயிற்று வாங்க."

அவள் முகம் தெளிந்தது. கையில் இருந்த சேற்றைச் சீலையில் துடைத்துக்கொண்டு குழிப்பக்கம் சுறுக்காக நடந்தாள். அவள் சொன்னது எனக்குக் கேட்டது. "டீச்சர் பாத்திற்றா. பெய்யாதாம்." அவன் குழிக்குள் நின்றபடி ஒரு தரம் வானத்தைப் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான்.

ஞாயிறு மத்தியானம் வரைக்கும் நல்ல வெயில். நான் வீட்டில் சாரிகள் தோய்த்துக் கொடியில் போட்டேன், முற்றத்தில் பாயை விரித்துச் செத்தல் மிளகாய் காயவைத்தேன். மூன்று மணிபோல மேற்கே, வாவிக்கு அங்கால, கறுத்துக்கொண்டு வந்தது. காற்று இல்லை. தென்னோலை ஒன்றும் அசையவில்லை. அந்தக் கறுப்பு எந்தப் பக்கத்துக்கு மேலே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். நான் முற்றத்தில் நின்று அதைப் பார்த்தேன், கல்லை நினைத்தேன். அதையும் மறைக்கப்போவதில்லை.

ஸ்கூட்டியை எடுத்திருந்தால் இருபது நிமிடம். களத்து மூலையில், மழைக்கு மூடுகிற படங்கு இரண்டு மடித்துக் கிடந்ததை முதல்நாள்தான் கண்டிருந்தேன். பக்கத்து வயலில் நின்ற யாரையாவது கூப்பிட்டு அவற்றை இழுத்துப் போட்டிருந்தால், நிமிர்த்தி வைத்த வரிசைகளையாவது காப்பாற்றியிருக்கலாம். நான் செய்தது என்னவென்றால், கொடியில் கிடந்த சாரிகளை எடுத்தேன். மிளகாயை அள்ளினேன். மகளின் வளவுக்கு ஓடிப்போய், பிரித்துக் கிடந்த சீமெந்துப் பைகளை மூடிவிட்டு வந்தேன். தனக்குத் தனக்கென்றால் சுளகும் படக்குப் படக்கென்னும் என்று எங்கள் சனம் சொல்வது இதைத்தான். பிறகு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கதிரையில் இருந்து, மேகம் கடலுக்குப் போய்விடும் என்று எனக்கு நானே சொன்னேன். சொல்லி முடிக்கமுன் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. ஒன்றரை மணித்தியாலம் விடாமல் ஊற்றியது.

திங்கள் காலையில் பாடசாலைக்குப் போகமுன் பாலம் தாண்டிப் போனேன். அவர்கள் முதல்நாள் பின்னேரமே வந்துவிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் களத்து விளிம்பில் நின்றார்கள். சனிக்கிழமை அறுத்த கல் இருந்த பக்கம் வெறும் சேறு. நடுவில் இருந்தவை தேத்தண்ணியில் தோய்த்த விசுக்கோத்து மாதிரி விளிம்பு கரைந்து, ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கிடந்தன. நிமிர்த்தி வைத்த வரிசைகள் ஒரே பக்கமாகச் சரிந்திருந்தன. வரிசை வரிசையாக அடுக்கிய ஒழுங்கு மட்டும் இன்னும் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

நான் இஸ்திரி போட்ட சாரியோடு, செருப்பில் சேறு ஒட்டாமல் தள்ளி நின்றேன்.

அவன் கோபக்காரன் இல்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை. பெண்சாதியைப் பார்த்து, "டீச்சர் பெய்யாதெண்டு சொன்னா எண்டுதானே நீ வந்து சொன்னாய்?" என்று கேட்டான். அவள் தலையாட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினான். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

"நீங்க என்ன டீச்சர் சொன்னீங்க?"

அந்த இடத்தில் எனக்கு ஒரு சொல் போதும். "ஓம் தம்பி, நான் பெய்யாது எண்டுதான் சொன்னன்" என்று சொல்லியிருக்கலாம். அவன் என்னை என்ன செய்திருப்பான்? ஒன்றும் செய்திருக்கமாட்டான். "சரி டீச்சர், ஆரு கண்டது" என்று விட்டிருப்பான். எனக்குப் பயம் அவனிடம் இல்லை. டீச்சர் பிழையாகச் சொல்லிவிட்டா என்று ஒருவன் நினைப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான் பெய்தாலும் பெய்யும் எண்டுதானே தம்பி சொன்னன்" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அதனால் குற்றம் குறையப்போவதும் இல்லை. வாயைத் திறந்ததும் அது தயாராக இருந்தது, உச்சரிப்பும் சுத்தமாக இருந்தது. இருபது வருடம் கரும்பலகையில் அடிக்கோடு போட்ட அந்த "உம்" எனக்கு ஒளிக்க ஓர் இடம் கொடுத்தது.

அவள் என்னைப் பார்த்தாள். நேராகப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். நான் களத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

"ஓம்" என்றாள் பிறகு. "அப்பிடித்தான் சொன்னீங்க போல. எனக்குத்தான் சரியா விளங்கல்ல."

அவன் ஒரு பெருமூச்சு விட்டான். "அம்மாட வீட்ட போற அவசரத்தில ஒனக்குக் காது அடைச்சிப் போச்சு" என்றான். அவ்வளவுதான் அன்றைக்கு அவன் சொன்னது. செத்த தாய்க்குச் செய்யப் போன கடமை, அந்த ஒரு வசனத்தில் அவளுடைய குற்றமாக மாறிவிட்டது. நான் பாடசாலை மணி அடிக்கப் போகிறது என்று சொல்லிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அன்று இடைவேளையில் ஆசிரியர் அறையில் நான் என்ன கதைத்தேன் தெரியுமா? "பாவங்கள், ஒரு சூளைக் கல்லும் கரைஞ்சு போச்சு" என்று இரக்கப்பட்டுக் கதைத்தேன். எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள். நானும் கொட்டினேன்.

அந்தக் கிழமையே சீமெந்துக் கல் ஏற்றிக்கொண்டு லொறி வந்தது. "இத முதலே செஞ்சிருக்கலாமேம்மா" என்றாள் மகள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. சுவர் எழும்பியது, பூச்சும் பூசியாயிற்று. சம்பந்தி அம்மா வந்து சுவரைத் தட்டியும் பார்க்கவில்லை. குசினிக்கு யன்னல் பெரிதாக வைத்திருக்கலாம் என்று மட்டும் சொன்னா.

அந்த மாரியில் நான் அரிசியும் சாமான்களும் இரண்டு தரம் கொடுத்தனுப்பினேன். கட்டாத சாரிகள் மூன்று கொடுத்தேன். எல்லாவற்றையும் அவள் வாங்கிக்கொண்டாள், நன்றியும் சொன்னாள். தையில் கலியாணத்துக்கு, நான் கொடுத்த சாரிகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு விடியவே வந்து, வீட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். அன்றைக்கும் வானம் மூடிக்கொண்டு நின்றது. பந்தலுக்கு மேலே படங்கு இழுப்பதா விடுவதா என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் வாய் தவறி அவளிடம், "என்ன புள்ள, மழ வருமா?" என்று கேட்டுவிட்டேன்.

"என்னக் கேக்காதீங்க டீச்சர்" என்றாள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இதற்குப் பிறகுதான் நான் கவனிக்கத் தொடங்கினேன். அந்த வீட்டில் அவளுடைய சொல்லுக்கு இருந்த இடம் போய்விட்டிருந்தது. பெரிய சண்டை ஒன்றும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மருந்தோடு வருவாள். எத்தனை தரம் கொடுக்கவேண்டும் என்று அவள் சொன்னதை நம்பாமல் அவன் மருந்துப் பையோடு எனக்குப் போன் எடுப்பான். "இதில என்ன எழுதிக் கிடக்கு டீச்சர்? இவள் மூண்டு தரம் எண்டு சொல்றாள்." அவன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வதைக் கேட்டுவிட்டு, மூன்று தரம்தான் என்பேன். "அப்ப சரி" என்பான். ஊர்க் கூட்டங்களுக்கும் அவனே போகத் தொடங்கினான். நாலு விசயத்தில் இரண்டை மறந்துவிட்டு வந்தான். அதைப்பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாம் வருடம் வைகாசியில், இனித் தாங்காது என்று ஒரு நாள் போனேன். அவன் விறகுக்குப் போயிருந்தான், அவள் தனியாகக் கல் அறுத்துக்கொண்டிருந்தாள். நான் களத்து மண்ணில், அவளுக்கு முன்னால் குந்தினேன். அவள் எழும்பி வாங்கு எடுக்கப் போனாள். வேண்டாம் என்று கையைப் பிடித்து இருத்தினேன்.

"புள்ள, அண்டைக்கு நான் பெய்யாது எண்டுதான் சொன்னன். பொய் சொல்லிப்போட்டன். ஒன்ட காதில ஒரு பிழையும் இல்ல."

அவள் அச்சுக்குள் மண்ணை வைத்து அமத்தி, மேலே வழித்து, கவிழ்த்துத் தட்டினாள். கல் சுத்தமாக விழுந்தது.

"எனக்குத் தெரியும் டீச்சர்" என்றாள். "ரெண்டு தரம் கேட்டனே."

"அப்ப ஏன் ஓம் எண்டு சொன்னாய்?"

"அவருக்கு முன்னால ஒங்களப் பொய்க்காரி ஆக்க எனக்கு வாய் வரல்ல. நீங்க டீச்சர்தானே."

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தில் வருகிற அழுகையால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை, ஆனாலும் வந்தது. அவன் வரட்டும், இன்றைக்கே அவனிடம் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவள் அப்போதுதான் அச்சைக் கீழே வைத்தாள். முதன்முதலாக அவள் குரலில் ஒரு பதற்றம் தெரிந்தது.

"வேணாம் டீச்சர். சொல்லிப்போடாதீங்க. இவ்வளவு காலம் போய் இப்ப சொன்னா, நீ ஏன் அண்டைக்கு ஓம் எண்டாய், என்னட்ட ஏன் மறைச்சாய் எண்டு கேப்பார். வேற என்னென்ன மறைச்சாய் எண்டும் கேப்பார். நீங்க சொல்லிற்றுப் போயிருவீங்க. நான்தானே இங்க இரிக்கணும்." அச்சைத் திரும்பக் கையில் எடுத்து, "அது இப்ப என்ட பொய் டீச்சர்" என்றாள்.

நான் எழும்பினேன். சாரியில் சேறு பட்டிருந்தது. அவள் அதைக் கண்டு, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

நான் அவனிடம் இன்றைக்கும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி நடக்கிறேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லலாம். ஆனால் அவள் வேண்டாம் என்றபோது என் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் நிம்மதி வந்தது. அதுவும் உண்மை.

இப்போது ஒவ்வொரு புரட்டாசியிலும், சூளை ஏற்றுகிறவரைக்கும் அவன் எனக்குக் காலையில் போன் எடுக்கிறான். பெண்சாதியை அனுப்பிக் கேட்பதில்லை. இந்த வருடமும் எடுத்தான். நான் கண்ணாடியைப் போட்டு இலக்கத்தைப் பார்த்தேன். முப்பது என்று இருந்தது. இப்படிப் பத்து நாள் வந்தால் அதில் மூன்று நாள் மழை, கல்லை மூடி வைப்பதுதான் நல்லது என்று ஒரு சொல்லையும் விழுங்காமல் விளங்கப்படுத்தினேன். கடைசியில், "பெய்தாலும் பெய்யும் தம்பி" என்றேன்.

அவன் சிரித்தான். அவனுக்குப் பின்னால் அச்சு நிலத்தில் தட்டுகிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்டைக்கும் நீங்க இப்பிடித்தானே டீச்சர் சொன்னீங்க. இவளுக்குத்தானே விளங்கல்ல."

அச்சுச் சத்தம் நின்றது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"ஓம் தம்பி" என்றேன்.